வீட்டுப் பொடி, வத்தலை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கிற பெண்களுக்கு: எதை முதல்ல பண்ணணும், எங்க மாட்டிக்குவோம்

நான் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வத்தல் வகை பண்றேன், சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகுது. என்கிட்ட வழி கேட்டு வர்ற அக்கா தங்கச்சிங்க முக்காவாசிப் பேர் கையில ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி பண்ண அரசாங்கம் கொடுக்குற நம்பர்) சர்டிபிகேட்டோட வர்றாங்க. 500 ரூபா கட்டி ஆன்லைன்ல எடுத்துடலாம், எடுத்ததும் எக்ஸ்போர்ட்டர் ஆகிட்டோம்னு ஒரு சந்தோஷம், அப்புறம் ஒரு வருஷம் அது ஃபைல்ல தூங்குது. ஏன்னா ஐஇசி எடுக்குறது முதல் வேலை கிடையாது, நம்ம லிஸ்டுல அது எட்டாவது வேலை. வரிசை மாறுனா காசும் போகும், உற்சாகமும் போகும், அதனால வரிசைப்படியே சொல்றேன். நான் உணவுப் பொருளை வச்சுத்தான் சொல்றேன், துணி, நகை, கைவினைன்னா 3, 4, 5 உங்களுக்கு வேற மாதிரி இருக்கும், மத்ததெல்லாம் பெரும்பாலும் ஒத்துவரும்.

1. ஆரம்பிக்கும் முன்னாடி கையில என்ன இருக்கணும்

உள்ளூர்ல குறைஞ்சது ஒரு வருஷமாவது வித்திருக்கணும். பெருமைக்காக சொல்லல. ஒரே ருசியில, ஒரே நிறத்துல திரும்பத் திரும்ப போட முடியுதான்னு தெரியணும்ல. "கண் அளவு"ல உப்பு போடுறவங்க முதல்ல ஒரு தராசு வாங்குங்க, ஒவ்வொரு பொருளும் எத்தனை கிராம், எத்தனை நிமிஷம் வறுத்தீங்கன்னு நோட்டுல எழுதுங்க. வெளிநாட்டுக்காரன் ரெண்டாவது ஆர்டர்ல ருசி மாறியிருக்குன்னு சொன்னா "அன்னிக்கு மிளகாய் காரம் ஜாஸ்தி சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது, உங்களுக்குன்னு தனி மொபைல் நம்பர், தனி ஈமெயில். ஓடிபி வீட்டுக்காரர் போனுக்கு வருது, அவர் டூட்டில இருக்காரு, சாயங்காலம் வரைக்கும் காத்திருன்னு நின்னவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். ஆதார், பேங்க், ஜிஎஸ்டி எல்லாத்துக்கும் உங்க நம்பரையே கொடுங்க.

கையில கொஞ்சம் காசும் வேணும், டெஸ்ட், லேபிள், சாம்பிள் கூரியர் இதெல்லாம் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே ஆகுற செலவு. நகையை அடகு வச்சு இந்த கட்டத்துக்கு வராதீங்க.

2. யார் பேர்ல தொழில்? இதை முதல் நாளே முடிவு பண்ணுங்க

வேலை செய்யறது நீங்க, பேப்பர் வீட்டுக்காரர் பேர்ல. இதுதான் நான் அதிகமா பார்க்குற தப்பு. ஐஇசி பான் நம்பரை வச்சுத்தான் கிடைக்கும், ஒரு பானுக்கு ஒண்ணுதான். அவர் பான்ல எடுத்துட்டா ஏற்றுமதி கணக்கு, பேங்க் வரவு, கிரெடிட் ஸ்கோர் எல்லாம் அவர் பேர்லயே சேரும். மூணு வருஷம் கழிச்சு நீங்க பேங்க்ல போய் பெண் தொழில்முனைவோர் லோன் கேட்டா உங்க பேர்ல ஒரு ரூபா வியாபாரம்கூட இருக்காது. நம்பிக்கை இல்லாம சொல்றேன்னு நினைக்காதீங்க, நல்ல மனுஷனா இருந்தாலும் பேப்பர் பேப்பர்தான்.

அடுத்த சிக்கல் பேரு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பான்ல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் விரிச்சு முழுப்பேரு. இப்படி மூணு பேரா இருந்தா ஒவ்வொரு தளத்துலயும் "பெயர் பொருந்தவில்லை"ன்னு நிக்கும். பான் கார்டை அடிப்படையா வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க. இதுக்கு சில வாரம் ஆகும், அதனாலதான் ரெண்டாவதுலயே சொல்றேன்.

இடம்: வீடு மாமனார் பேர்ல, கரண்ட் பில்லும் அவர் பேர்ல. உணவு லைசென்ஸுக்கும் ஜிஎஸ்டிக்கும் அந்த முகவரியை காட்டணும்னா அவர்கிட்ட ஒரு ஆட்சேபணையில்லா கடிதம் கையெழுத்து போட்டு வாங்கிக்கணும், கூடவே கரண்ட் பில், வீட்டு வரி ரசீது. வீட்டுல பேசி ஒத்துக்க வைக்கிறதுதான் இதுல பெரிய வேலை, அதுக்கு நான் வழி சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், கடிதம் கொடுத்தா வீடு அடமானம் ஆகிடும்னு பெரியவங்க பயப்படுவாங்க, அப்படி ஒண்ணும் ஆகாதுன்னு கடிதத்தையே படிச்சுக் காட்டிட்டீங்கன்னா பாதிப் பிரச்சனை தீரும்.

சுய உதவிக் குழுவா பண்றவங்க, எந்த பேர்ல பான், எந்த அக்கவுண்டுல பணம், எப்படி பிரிக்கிறதுன்னு தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுட்டு அப்புறம் மேல போங்க. பணம் வந்ததுக்கு அப்புறம் இதைப் பேச ஆரம்பிச்சா குழு உடையும்.

3. ஒரே நாடு, ரெண்டே பொருள்

லிஸ்டுல பதினெட்டு பொருள் வச்சுக்கிட்டு "எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம்"னு சொல்றவங்களுக்கு ஒரு நாட்டுக்கும் போகாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி டெஸ்ட், தனி லேபிள், தனி எச்எஸ் கோடு (சுங்கத்துல பொருள் வகையைச் சொல்ற நம்பர்). பதினெட்டை பெருக்கிப் பாருங்க.

முதல் நாடா நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். தமிழ் கடைகள் இருக்கு, திருச்சி, சென்னையில இருந்து நேரடி விமானம் இருக்கு, உணவுப் பொருளுக்கு அங்க சுங்க வரி கிடையாது, 9 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும்தான். வளைகுடாவும் நல்ல மார்க்கெட், ஆனா அரபியில லேபிள் வேணும். அமெரிக்காவை ரெண்டாவது வருஷத்துக்கு வையுங்க. அங்க எஃப்டிஏல (உணவு, மருந்தைக் கண்காணிக்கிற துறை) உங்க தயாரிப்பு இடத்தை பதிவு பண்ணணும், அங்கயே ஒரு ஏஜென்ட் இருக்கணும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்கூட்டியே தகவல் கொடுக்கணும். 800 டாலருக்குள்ள இருக்குற பார்சலுக்கு இருந்த வரி விலக்கும் 2025 ஆகஸ்ட் 29ல நின்னுபோச்சு, அதை நம்பி நேரடியா வீட்டுக்கு வீடு பார்சல் போட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் திண்டாடினாங்க.

பொருள்ல உலர்ந்த பொடியில ஆரம்பிங்க. ஊறுகாய், தொக்கு வேண்டாம். எண்ணெய் கசியும், பாட்டில் உடையும், எடை அதிகம். அமெரிக்காவுக்குன்னா புளிப்பு சேர்த்து பதப்படுத்துன பொருளுக்கு பிஎச் (புளிப்பைக் காட்டுற அளவு) 4.6க்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, தயாரிப்பு முறையையே தனியா பதிவு பண்ணச் சொல்லுவாங்க. நெய் போட்ட ஸ்வீட்டும் இப்போதைக்கு வேண்டாம், பால் பொருள் சேர்ந்துட்டாலே ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் விதி ரொம்ப கடுமையாகிடும்.

4. ரெசிபியை அந்த நாட்டு சட்டத்தோட ஒப்பிட்டுப் பாருங்க

நம்ம பாட்டி காலத்து ரெசிபின்னு சொல்றதுல சுங்க அதிகாரிக்கு எந்த ஆர்வமும் கிடையாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா எழுதி பக்கத்துல ஒரு கோடு போட்டு, அது அங்க போகலாமா, எப்படி குறிப்பிடணும்னு எழுதுங்க. புதுசா வர்றவங்க இந்த இடத்தை ஒரே நாள்ல தாண்டிடுறாங்க, நான் ரெண்டு வாரம் எடுத்துக்கச் சொல்லுவேன்.

கசகசா. குருமாப் பொடியில கைப்பிடி கசகசா போடுறது நமக்கு சாதாரணம். சிங்கப்பூர், யுஏஇ (துபாய் இருக்குற நாடு), சவுதியில அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற சாமான். பொடியில கலந்திருந்தாலும் அதேதான். முந்திரிக்கு மாத்திக்கோங்க, ஆனா முந்திரின்னா அலர்ஜின்னு லேபிள்ல போடணும்.

பெருங்காயம். கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவை திருப்பிப் படிங்க. அதை பொடியில போட்டுட்டு லேபிள்ல "குளூட்டன் இல்லாதது"ன்னு அடிச்சா அது பொய்யான லேபிள், கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு நிஜமாவே ஆபத்து.

நல்லெண்ணெய், எள்ளு. நமக்கு எண்ணெய், அவங்களுக்கு எள் அலர்ஜி. அமெரிக்காவுல 2023 ஜனவரி 1ல இருந்து எள்ளை ஒன்பதாவது முக்கிய அலர்ஜிப் பொருளா சேர்த்துட்டாங்க. ஐரோப்பிய யூனியன் லிஸ்டுல 14 இருக்கு, அதுல எள்ளும் உண்டு, கடுகும் உண்டு. தாளிச்சுக் கொட்டுற வீட்டுல பிறந்த நமக்கு கடுகு ஒரு அலர்ஜின்னு தோணவே தோணாது.

கறிவேப்பிலை, மிளகாய். இந்தியாவுல இருந்து போற கறிவேப்பிலையில பூச்சிமருந்து எச்சம் இருக்கான்னு ஐரோப்பாவுல கூடுதலா சோதிக்கிறாங்க. மிளகாயில பூஞ்சை நச்சு, அதாவது அஃப்ளாடாக்சின். ஐரோப்பிய அளவு மசாலாவுக்கு மொத்தமா கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதுலயும் பி1 வகை 5க்கு மேல கூடாது. தரையில காயப்போட்ட மிளகாய், மழையில நனைஞ்சு திரும்ப காஞ்ச மிளகாய் இதுலதான் பிரச்சனை வரும். கமிஷன் மண்டியில விலை குறைஞ்சுதுன்னு அள்ளிட்டு வராதீங்க, ஒரே ஆள்கிட்ட வாங்குங்க, எந்த லாட்னு பில்லுல எழுதி வாங்குங்க.

கடைசியா மாவு மில். தெரு மில்லுல கொண்டுபோய் அரைக்கிறீங்க, உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கோதுமை அரைச்சிருப்பாரு, அந்த மாவு உங்க பொடியில வரும். சின்னதா ஒரு பல்வரைசர் (பொடியாக்குற மெஷின்) சொந்தமா வாங்குற வரைக்கும் ஏற்றுமதி பேச்சே வேண்டாம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், சிலருக்கு கோவம் வரும், பரவால்ல.

5. லேப் டெஸ்ட்

என்ஏபிஎல் (லேபுக்கு அங்கீகாரம் கொடுக்குற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்லதான் கொடுக்கணும், சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கு. போய் "எல்லா டெஸ்டும் பண்ணுங்க"ன்னு சொல்லாதீங்க, பில் எகிறும். பையர், அதாவது சரக்கை வாங்குறவர், அவரோட நாட்டுக்கு என்னென்ன வேணும்னு லிஸ்ட் எடுத்துட்டு போங்க. பொடிக்கு பொதுவா கேக்குறது ஈரப்பதம், சால்மோனெல்லா, அஃப்ளாடாக்சின், பூச்சிமருந்து எச்சம், ஈயம் மாதிரி உலோகம், சுடான் சாயம் (கலப்படமா சேர்க்குற சிவப்புச் சாயம்), எத்திலீன் ஆக்சைடு (கிருமியை அழிக்க அடிக்கிற வாயு). கடைசில சொன்னதை விட்டுடாதீங்க. 2024 ஏப்ரல்ல ஹாங்காங்லயும் சிங்கப்பூர்லயும் சில இந்திய மசாலாக்களை அதுக்காகத்தான் கடையில இருந்து திரும்ப எடுக்க வச்சாங்க, அதுக்கப்புறம் சின்ன பையர்கூட அந்த ரிப்போர்ட் கேக்குறாங்க.

எத்தனை மாசம் கெடாம இருக்கும்னு தெரிய, ஒரே பேட்ச்ல இருபது பாக்கெட் எடுத்து வச்சு மாசத்துக்கு ரெண்டா பிரிச்சுப் பாருங்க. ருசி, வாசம், எண்ணெய் சிக்கு. கப்பல் கன்டெய்னருக்குள்ள நல்லா சூடேறும், அதனால நாலு பாக்கெட்டை மொட்டை மாடி ரூம்ல வச்சுப் பார்க்குறது நல்லது. முறைப்படி ஷெல்ஃப் லைஃப் ஆய்வு வேணும்னா தஞ்சாவூர்ல இருக்குற நிஃப்டெம்ல (மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) கேட்டுப் பாருங்க, புதுசா உணவுத் தொழில் பண்றவங்களுக்கு அங்க இன்குபேஷன், அதாவது தொழிலை ஆரம்பிச்சு வளர்க்க உதவுற வசதியும் இருக்கு.

6. லேபிள்

டெஸ்டுக்கு அப்புறம்தான் லேபிள் அடிக்கணும். முதல்லயே பத்தாயிரம் பவுச் பிரிண்ட் பண்ணிட்டு அப்புறம் பெருங்காயத்துல மைதான்னு தெரிஞ்சு உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டுன ஆளு நானே. முதல் மூணு ஆர்டருக்கு வெறும் பவுச், மேல ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

பொருள் பேரு, சேர்மானம் எடை குறையற வரிசையில, நிகர எடை, அலர்ஜி, தேதி, பேட்ச் நம்பர், தயாரிப்பாளர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அங்க இறக்குமதி பண்றவங்க பேரு முகவரி, இதெல்லாம் எல்லா நாட்டுக்கும் பொதுவா கேப்பாங்க. "ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்"னு போடாதீங்க, நாள் மாசம் வருஷம் போடுங்க. கனடான்னா ஆங்கிலமும் பிரெஞ்சும். "சர்க்கரை நோய்க்கு நல்லது", "மூட்டுவலி போக்கும்" இதெல்லாம் கண்டிப்பா வேண்டாம், உணவா இருக்குறது மருந்து கணக்குல போய் மாட்டும். ஹலால் முத்திரையை கூகுள்ல எடுத்து ஒட்டுறதும் அப்படித்தான். மலேசியான்னா ஜாகிம் (அந்த நாட்டு அரசோட இஸ்லாமியத் துறை) ஏத்துக்கிட்ட அமைப்புகிட்டதான் வாங்கணும்.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க. இட்லிப் பொடியை ஹோட்டல் மெனுல ஸ்டைலா "கன் பவுடர்"னு போடுறாங்கல்ல, அதை இன்வாய்ஸ்லயோ அட்டைப்பெட்டி மேலயோ எழுதிடாதீங்க. ஏர் கார்கோல வெடிமருந்துன்னு எழுதி அனுப்புன மாதிரி ஆகிடும்.

7. விலை: உங்க உழைப்பை கணக்குல போடுங்க

வீட்டுல இருந்து பண்றோம், வாடகை இல்ல, நம்ம கைதானே அரைக்குது, இப்படி நினைச்சு விலை சொல்றதுதான் நம்மகிட்ட இருக்குற பெரிய நோய். சும்மா ஒரு கணக்கு பார்ப்போம், 200 கிராம் பருப்புப் பொடி. சாமான் 48, பவுச் லேபிள் 13, கேஸ் கரண்ட் 5, ஆக 66. "85க்கு கொடுத்தா 19 ரூபா லாபம்"னு ஒரு தங்கச்சி சொன்னா.

உதவிக்கு வர்ற அம்மாவுக்கு நாள் கூலி 500, ஒரு நாள்ல 100 பாக்கெட், அது 5. நீங்க எட்டு மணிநேரம் நிக்கிறீங்க, மணிக்கு 75னு வச்சாலே 6. டெஸ்ட் செலவும் சேதாரமும் பிரிச்சா 5. அட்டைப்பெட்டி, லாரி, கஸ்டம்ஸ் ஏஜென்ட் செலவு பங்கு 12. இப்ப 94. அவ 85க்கு கொடுத்திருந்தா பாக்கெட்டுக்கு 9 ரூபா நஷ்டம், அது தெரியாமலே "ஆர்டர் நிறைய வருது"ன்னு ராத்திரி பகலா அரைச்சிருப்பா. 94 மேல 25 சதவீதம் வச்சா 118 வரும். நீங்க உங்களுக்கு கூலி போடலன்னா இன்னொரு நஷ்டமும் இருக்கு, ஆர்டர் பெருசாகி ஆள் வைக்கும்போது அந்த கூலிக்கு விலையில இடமே இருக்காது, விலையை ஏத்துனா பையர் போயிடுவாரு.

இதை இன்னொரு பக்கத்துல இருந்தும் சரிபார்க்கணும். சிங்கப்பூர்ல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட நான் கேக்கச் சொல்ற உதவி ஒண்ணே ஒண்ணுதான், சிராங்கூன் ரோடு பக்கம் கடையில பொடி ராக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, விலை தெரியற மாதிரி. அந்த கடை விலையில இருந்து கடைக்காரர் லாபம், மொத்த வியாபாரி லாபம், 9 சதவீத ஜிஎஸ்டி, போக்குவரத்து எல்லாம் கழிச்சா உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்னு தெரியும். 118 வரலன்னா பொருளை மாத்துங்க, இல்ல பேக் சைஸை மாத்துங்க, கூலியை குறைக்காதீங்க.

அதே சொந்தக்காரங்களை முதல் கஸ்டமரா வைக்காதீங்க. சூப்பர்னுதான் சொல்லுவாங்க, காசு கேக்க உங்களுக்கு வாய் வராது.

விலை சொல்லும்போது எந்த இடம் வரைக்கும்னு சேர்த்துச் சொல்லணும். எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்துற வரைக்கும் உங்க செலவு. சிஐஎஃப்னா கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் உங்களோடது. டிடிபின்னா அவங்க ஊர் வரி கட்டி வாசல்ல கொண்டு சேர்க்குற வரைக்கும் நீங்க, புதுசா இருக்கும்போது இதுக்கு தலையாட்டவே ஆட்டாதீங்க. கொட்டேஷன்ல "15 நாள் வரை இந்த விலை"ன்னு ஒரு வரி போடுங்க, பருப்பு விலை நமக்காக காத்திருக்காது.

8. இப்பதான் பதிவுகள்

இந்த வரிசையில போங்க, ஒண்ணு அடுத்ததுக்கு வேணும்.

உத்யம் பதிவு (சின்னத் தொழிலுக்கான அரசு பதிவு), இலவசம், காசு கேக்குற வெப்சைட் போலி. அப்புறம் தொழில் பேர்ல கரண்ட் அக்கவுண்ட், வெளிநாட்டு வரவு பார்க்குற கிளையான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, சின்ன ஊர் கிளையில "மெயின் பிராஞ்ச் போங்கம்மா"ன்னுதான் சொல்லுவாங்க. ஜிஎஸ்டி. எஃப்எஸ்எஸ்ஏஐல (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஏற்றுமதிக்கு மத்திய லைசென்ஸ் வேணும், உள்ளூர் விக்க எடுத்த சின்ன ரிஜிஸ்ட்ரேஷன் போதாது. அப்புறம் ஐஇசி. ஐஇசி வந்ததும் பேங்க்ல ஏடி கோடு (ஏற்றுமதிப் பணத்தைக் கையாளுற பேங்கோட நம்பர்) லெட்டர் வாங்கி, சுங்கத்துறையோட ஐஸ்கேட் தளத்துல பதிவு பண்ணணும், நீங்க அனுப்பப்போற துறைமுகம், ஏர்போர்ட்டுக்கு அது நடப்புல இருக்கான்னு பார்த்துக்கோங்க, சரக்கு போய் நின்ன பிறகு பார்க்காதீங்க.

எச்எஸ் கோடை அனுபவமுள்ள கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. அப்பளம் 19059040, மசாலாக் கலவை 09109100. பருப்பு அதிகம் இருக்குற பொடி வேற தலைப்புல போகலாம், அதைப் பொறுத்துத்தான் எந்த வாரியத்துல சேரணும்ங்குறதே. மசாலான்னா ஸ்பைசஸ் போர்டு பதிவு கட்டாயம், அப்பளம் ஊறுகாய்ன்னா அபேடா (வேளாண், உணவுப் பொருள் ஏற்றுமதி ஆணையம்).

எல்யூடி (ஜிஎஸ்டி தளத்துல கொடுக்குற உறுதிக் கடிதம்) போட்டா ஐஜிஎஸ்டி கட்டாம ஏற்றுமதி பண்ணலாம், போடலன்னா கட்டிட்டு ரீஃபண்டுக்கு அலையணும். அது ஒவ்வொரு நிதியாண்டும் புதுசா போடணும், ஏப்ரல் முதல் வாரம் போன்ல ரிமைண்டர் வையுங்க. ஐஇசியையும் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள வருஷா வருஷம் உறுதி பண்ணணும், மாற்றம் ஒண்ணும் இல்லாட்டியும்தான், இல்லன்னா முடக்கிடுவாங்க.

9. பையரை தேடுறதும் சந்தேகப்படுறதும்

வாட்ஸ்அப்ல "20 டன் வேணும், உடனே"ன்னு வர்றவன் பையர் இல்ல. நிஜ பையர் எடுத்ததும் லேப் ரிப்போர்ட் கேப்பாரு, குறைஞ்சபட்ச ஆர்டர் எவ்வளவுன்னு கேப்பாரு, பேரம் பேசுவாரு. "எங்க கம்பெனில வெண்டரா சேர பதிவுக் கட்டணம் கட்டுங்க"ன்னா அங்கயே பிளாக் பண்ணுங்க. சிங்கப்பூர் கம்பெனின்னா யூஇஎன் நம்பர் (கம்பெனி பதிவு எண்) கேட்டு அரசாங்க தளத்துல போட்டுப் பாருங்க, உணவு இறக்குமதி பண்ண அங்க எஸ்எஃப்ஏல (அந்த ஊர் உணவுத் துறை) பதிவு இருக்கணும், அதையும் கேளுங்க. துபாய்ன்னா டிரேடு லைசென்ஸ் காப்பி. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்குறோம்ல, ஒழுங்கான பையர் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, கேட்டதுக்கு அப்புறம்தான் மரியாதையே வரும்.

"சார் இருக்காரா? ரேட் அவர்கிட்ட பேசிக்கிறேன்"னு ஒரு கேள்வி வரும், நம்ம ஊர் ஏஜென்ட் கேப்பாரு, வெளிநாட்டுல இருக்குற நம்ம ஆளும் கேப்பாரு. நான் ஒரே பதில்தான் வச்சிருக்கேன், "ரேட் சொல்றது நான்தாங்க, மெயில்ல அனுப்புறேன்". பேசுனதை எல்லாம் மெயில்ல எழுதி உறுதி பண்ணிடுங்க. போன்ல ஒத்துக்க வைக்கிற அழுத்தத்துல இருந்து தப்பிக்க எழுத்துதான் வழி.

நேரம் இன்னொரு தொல்லை. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்து கூப்பிடும்போது இங்க ஆறரை, குக்கர் விசில், புள்ளைக்கு டிபன் பாக்ஸ். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு கூப்பிட்டா இங்க ஏழரை, ராத்திரி சமையல். முதல் மெயில்லயே "இந்திய நேரம் 10 முதல் 4 வரை பேசலாம்"னு போட்டுடுங்க, நான் போட்டதுல ஒரு பையர்கூட போகல.

சாம்பிள் இலவசமா கொடுக்கலாம், கூரியர் காசு அவங்க கட்டணும். கூரியர் காசு கட்ட மாட்டேன்னா சரக்குக்கும் கட்ட மாட்டாரு.

10. பணம்

கூரியர்ல போற சின்ன ஆர்டருக்கு முழுப்பணமும் முன்னாடி. கப்பல்ல போறதுக்கு பாதி அட்வான்ஸ், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏத்துனதுக்கு கப்பல் கம்பெனி தர்ற ரசீது) காப்பி காட்டுனதும், அதோட ஒரிஜினலை முழுப்பணமும் வந்த பிறகுதான் கொடுக்கணும். "சரக்கு வித்ததும் தர்றேன்"ங்குறதுக்கு முதல் வருஷம் ஒத்துக்காதீங்க. கடனுக்கு கொடுத்துத்தான் ஆகணும்ங்குற நிலைமை வந்தா இசிஜிசில பாலிசி எடுங்க, மத்திய அரசு நிறுவனம், பையர் ஏமாத்துனாலோ திவாலானாலோ இழப்புல பெரும்பங்கு கிடைக்கும்.

பணம் கரண்ட் அக்கவுண்டுக்குத்தான் வரணும். "அக்கா அக்கவுண்டுக்கு போடுறேன், அவங்க ஜிபே பண்ணிடுவாங்க"ன்னு வாங்குனா அது ஏற்றுமதிப் பணமே கிடையாது. உங்க ஷிப்பிங் பில் (சுங்கத்துல போடுற ஏற்றுமதிப் பத்திரம்) ஆர்பிஐ கணக்குல பணம் வராததாவே நிக்கும், பேங்க் கடிதம் மேல கடிதம் போடும். பேங்க் பர்ப்பஸ் கோடு (பணம் எதுக்கு வருதுன்னு சொல்ற நம்பர்) கேட்டா அட்வான்ஸுக்கு பி0103, சரக்கு போன பிறகு வர்றதுக்கு பி0102.

ஆர்டர் கையில இருந்தா பேங்க்ல பேக்கிங் கிரெடிட் கேக்கலாம், சாமான் வாங்க முன்கூட்டியே தர்ற கடன். சொத்து அடமானம் கேப்பாங்க, சொத்து நம்ம பேர்ல எங்க இருக்கு? சிஜிடிஎம்எஸ்இ (அடமானம் இல்லாத சின்னத் தொழில் கடனுக்கு பொறுப்பேத்துக்குற திட்டம்) உத்தரவாதத்துல கொடுங்கன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க, எழுதிக் கொடுங்க. வாயால கேட்டா வாயாலயே இல்லன்னுடுவாங்க.

11. அனுப்புறது

கிஃப்ட்னு எழுதி அனுப்பாதீங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு கூரியர் பையன் சொல்லுவான். கூரியர்ல வியாபார சரக்குக்கு சிஎஸ்பி 5ன்னு ஒரு பத்திரம் (கூரியர் ஷிப்பிங் பில்) இருக்கு, சாம்பிளுக்கும் கிஃப்டுக்கும் சிஎஸ்பி 4. ரெண்டையும் கலந்தா உங்க ஏற்றுமதிக்கு கணக்கே இருக்காது. போஸ்ட் ஆபீஸ்லயும் டாக் கர் நிர்யாத் கேந்திரான்னு ஏற்றுமதி மையம் வச்சிருக்காங்க, சின்ன ஊர்ல இருக்குறவங்களுக்கு அது வசதி.

வத்தல், வடகம் பண்றவங்க இதை கவனிங்க. கூரியர்ல எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க. 40க்கு 30க்கு 30 பெட்டின்னா 7.2 கிலோ. உள்ள மூணு கிலோ வத்தல்தான் இருக்குன்னாலும் 7.2க்குத்தான் காசு. அதே பெட்டியில பொடி வச்சா இன்னும் நிறைய கிலோ போகும். அதனால வத்தலை தனியா அனுப்பாதீங்க, பொடிப் பெட்டியில இருக்குற சந்துல திணிங்க.

கப்பல்னா மரப்பலகை பேலட்ல சூடேத்தி பதப்படுத்துன ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், லேபிள் நாலுலயும் பொருள் பேரும் எடையும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணுல "சட்னிப் பொடி" இன்னொண்ணுல "இட்லிப் பொடி"ன்னு இருந்தா பெட்டியைப் பிரிச்சுடுவாங்க. ரோட்டெப் சலுகை (ஏற்றுமதிப் பொருள்ல சேர்ந்த வரிகளை அரசாங்கம் திருப்பித் தர்றது) வேணும்னு ஷிப்பிங் பில்லுல குறிக்கச் சொல்லுங்க, ஏஜென்ட் மறந்துட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். யுஏஇக்குன்னா 2022 மே 1ல இருந்து ஒப்பந்தம் நடப்புல இருக்கு, அதுக்குரிய சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் (பொருள் எந்த நாட்டுதுன்னு சொல்ற சான்று) எடுத்துக் கொடுத்தா பையருக்கு வரி குறையலாம், அதைச் சொல்லி விலை பேசலாம்.

ஏஜென்ட் "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்மா"ன்னு சொன்னாலும் ஐஸ்கேட் லாகின், டிஜிஎஃப்டி (ஐஇசி கொடுக்குற துறை) லாகின் பாஸ்வேர்டை அவர்கிட்ட கொடுத்துட்டு வந்துடாதீங்க.

12. சரக்கு போன பிறகு

ஷிப்பிங் பில் காப்பி, விமானம்னா ஏர்வே பில், பணம் வந்த சான்று, மூணையும் ஒரே ஃபைல்ல போட்டு பேங்க்ல கொடுத்து அந்த பில்லை முடிச்சு வைக்கச் சொல்லுங்க, தானா முடியும்னு விடாதீங்க. இபிஆர்சி (அந்த ஏற்றுமதிக்கு பணம் வந்து சேர்ந்ததுன்னு சொல்ற மின்னணு சான்று) எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த லோனுக்கு அதுதான் காட்டுறதுக்கு.

ஒவ்வொரு பேட்ச்லயும் நாலு பாக்கெட் எடுத்து பேட்ச் நம்பர் எழுதி ஒரு டப்பாவுல போட்டு, அதோட தேதி முடியற வரைக்கும் வைங்க. எனக்கு ஒரு தடவை பொடியில பூச்சின்னு போட்டோ வந்துச்சு, அதே பேட்ச் பாக்கெட்டை இங்க பிரிச்சு வீடியோ காலில் காட்டுனேன், ஒண்ணும் இல்ல, அவங்க குடோன்ல அரிசி மூட்டை பக்கத்துல வச்சிருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த டப்பாவை வீட்டுல யாரும் சமையலுக்கு எடுக்காம பார்த்துக்கோங்க, எங்க வீட்டுல ரெண்டு தடவை எடுத்துட்டாங்க, இப்ப பூட்டு போட்டிருக்கேன்.